முத்திரையை அறுத்துவிட்டுச் சால்வை போர்த்தினார்கள்

என் பிரியத்துக்குரிய அப்பா,

உங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டின் கார் ஷெட்டில், நான் அரைக்கால் சட்டை போட்ட காலம் முதல் என் தலை நரைத்த காலம் வரை தார்ப்பாய்க்குள் நின்ற அதே மோட்டார் சைக்கிள்தான். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கிளப் ஹால் வாசலில், நான் விட்ட ஒரே உதையில் அது உயிர் பிடித்துக் கத்தியது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

இது உங்களுக்கு எழுதுகிற கடிதம்தான். ஆனாலும் மோட்டார் கிளப்காரர்கள் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகையில் அச்சுக்குக் கொடுக்கிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாழ்க்கையே பொறுத்துக்கொண்டதுதானே.

வாரத்தில் ஆறு நாள் தந்தி ஆபீஸ் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை ரேஸ்காரர். இதுதான் நீங்கள். பழைய விமானத் தளத்தில் நடந்த அந்த இருநூற்றைம்பது சிசி பந்தயத்தில் நீங்கள் முதலாவதாக வந்தீர்கள். இரண்டாவதாக வந்தவர் ஆல்பர்ட். அப்போதைய கிளப் உபதலைவரின் தம்பி. வண்டி நிற்பதற்குள் அவர் புகார் கொடுத்துவிட்டார்: தேவராஜ் அனுமதித்த அளவைவிடப் பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறான்.

புகார் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. என்ஜினைச் சுற்றிக் கம்பி கட்டி, கம்பியின் முனையில் ஈய முத்திரை வைத்து நசுக்கிவிடுவார்கள். பிறகு புகார் கொடுத்தவர், ஓட்டியவர் இருவரையும் நிற்க வைத்து, முத்திரை போட்டவரே அதை வெட்டி, பிரித்து அளப்பார். அன்றைக்கு முத்திரை போட்டவர் வண்டிப் பரிசோதகர் நஞ்சுண்டப்பா. இருட்டிவிட்டது, நாளைக்கு அளக்கலாம் என்றார்கள். அந்த நாளை வரவேயில்லை.

ஆல்பர்ட் புகாரை நடத்தவும் இல்லை, திரும்பப் பெறவும் இல்லை. கமிட்டி முடிவை நிறுத்திவைத்தது. கிளப் ஹாலில் வெற்றி பெற்றவர்களின் பெயர்களைத் தங்க எழுத்தில் வரிசையாக எழுதிய ஒரு தேக்குப் பலகை உண்டு. அதில் அந்த வருஷத்துக்கு மட்டும் ஒரு வரி காலி. இன்னும் காலி. நான் போய்ப் பார்த்தேன்.

நீங்கள் அதற்குப் பிறகு ஓட்டவில்லை. கம்பியை வெட்டவும் இல்லை. ஷெட்டைப் பெருக்குகிற நாட்களில் தார்ப்பாயை விலக்கி, கம்பியில் கை படாமல் சுற்றிலும் துடைப்பீர்கள். விலைக்குக் கேட்டு வந்தவர்களிடம் ஒரே பதில்தான்: "சீல் போட்டவன் வந்து திறக்கட்டும்." பைபிள் சங்கீதங்களைவிட அதிகமாக இந்த வாக்கியத்தைத்தான் நான் நம் வீட்டில் கேட்டு வளர்ந்தேன்.

நீங்கள் படுக்கையில் கிடந்தபோது கிளப்பிலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. அடக்கத்துக்கு ஒரு மலர்வளையம் அனுப்பினார்கள். அதில் உங்கள் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. சின்ன விஷயம் என்று அம்மா சொன்னாள். நான் சின்ன விஷயங்களை மறப்பவன் இல்லை.

இந்த வருஷம் திடீரென்று ஒரு போன். பேசியவர் கார்த்திக், கிளப்பின் புதுச் செயலாளர். கோயம்புத்தூர்க்காரர், ஐடியில் வேலை, முப்பத்தைந்து வயது இருக்கலாம்.

"சார், வருஷாந்தர விருந்துல நம்ம பழைய ரேஸர்ஸ் எல்லாத்தையும் கௌரவிக்கறோமுங்க. உங்க அப்பா பேருதான் லிஸ்ட்ல மொதல்ல இருக்குது. வண்டியும் வேணுங்க."

நான் ஒரு நிபந்தனை சொன்னேன். என்ஜினில் ஒரு கம்பியும் ஈய முத்திரையும் இருக்கின்றன, அவற்றை யாரும் தொடக்கூடாது, விருந்தன்று எல்லோர் முன்னாலும் நஞ்சுண்டப்பா அதை வெட்டி அளக்க வேண்டும் என்றேன். "அருமைங்க சார், நல்லா இருக்கும்" என்றார். விருந்துக்கு ஒரு வாரம் முன்னால் வண்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பந்தயத்துக்குப் பிறகு அந்த ஷெட் முதல்முறையாகக் காலியானது. தரையில் இரண்டு டயர்கள் நின்ற இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அம்மா அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

விருந்தைப் பற்றிச் சொல்கிறேன். வாசல் முழுக்க சாமந்தித் தோரணம். உள்ளே வட்ட மேஜைகள், வெள்ளை விரிப்புகள், ஒரு மூலையில் கபாப் புகை. பழைய ரேஸ்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவருக்கு இடுப்பு எலும்பு மாற்றியிருக்கிறது, ஒருவருக்குக் காது கேட்கவில்லை, ஒருவர் பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். இவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மேடையில் வைத்திருந்த உங்கள் படத்தைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். அதை நான் சொல்லாமல் விடக்கூடாது.

மேடையில் எல்லோருக்கும் மைசூர் பேட்டாத் தலைப்பாகை வைத்து, சால்வை போர்த்தி, ஷீல்டு கொடுத்தார்கள். உங்கள் முறை வந்தபோது படத்தின் சட்டத்துக்குமேல் பேட்டாவை வைத்தார்கள். அது சரிந்து உங்கள் முகத்தை மறைத்தது. ஒருவர் நிமிர்த்தினார், மறுபடி சரிந்தது. கடைசியில் பின்னாலிருந்து ஒரு ஆள் விருந்து முடியும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

சால்வை போர்த்தியது யார் தெரியுமா? ஆல்பர்ட். இப்போது அவர்தான் கௌரவத் தலைவர். எண்பது வயதில் நெட்டுக்குத்தாக நிற்கிறார். மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"தேவா எங்க கிளப்போட சிங்கம். அந்தக் காலத்துல சின்னச் சின்ன சண்டை எல்லாம் இருக்கும். அதெல்லாம் மறந்தாச்சு. இன்னைக்கு அவன் இருந்திருந்தா என்னைக் கட்டிப்பிடிச்சிருப்பான்."

கட்டிப்பிடித்திருப்பீர்களா, அப்பா? ஒரே சர்ச், ஒரே ஆராதனை. அவர் மூன்றாவது வரிசை, நாம் ஏழாவது வரிசை. இத்தனை வருஷத்தில் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரத்தில் அவர் நம் வரிசைப் பக்கம் ஒருமுறை திரும்பியதுண்டா? மறந்தாச்சு என்று சொல்ல அவருக்கு என்ன உரிமை? மறக்க வேண்டியவர் நீங்கள் அல்லவா? அடித்தவர் மறப்பதற்குப் பெயர் பெருந்தன்மையா?

அந்தக் கிளப்பில் இன்னொரு வழக்கம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். கௌரவிக்கப்படும் ஒரு ரேஸ்காரரின் வண்டியை வாசலில் நிறுத்தி உதைப்பார்கள். என்ஜின் சத்தம் கேட்ட பிறகுதான் சாப்பாடு. அதற்குமுன் யாரும் தட்டைத் தொட மாட்டார்கள். ஓட்டியவர் உயிரோடு இல்லை என்றால் பிள்ளை உதைக்க வேண்டும். எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். ஆல்பர்ட் பட்டுத் துணியை இழுத்தார்.

பளபளவென்று ஒரு வண்டி. புது குரோமியம், புது பெயின்ட், உங்கள் பந்தய எண் புதிதாக எழுதியிருந்தது. நான் என்ஜினைப் பார்த்தேன். குனிந்து அந்தப் பக்கமும் பார்த்தேன். கம்பி இல்லை. முத்திரை இல்லை.

"கார்த்திக், கம்பி எங்கே?"

"அதுங்களா சார்... வண்டி ஸ்டார்ட் ஆகணுமில்லீங்க? பிஸ்டன் ஜாம் ஆயிருந்துதுங்க. தொறந்து, சிலிண்டரைக் கடைஞ்சு, புது பிஸ்டன் போட்டோம். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு உங்ககிட்ட சொல்லலைங்க."

"தொடக்கூடாதுன்னு சொன்னேனே."

"நான் சொன்னேனுங்க சார். ஆல்பர்ட் சார்தான், ஸ்டார்ட் ஆகாத வண்டிய வச்சு என்ன மரியாதை, வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல, தொறங்கன்னாரு."

நான் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறவன். கடைந்த சிலிண்டரை அளந்தால் கடைந்த அளவுதான் தெரியும். அதற்குமுன் அது என்னவாக இருந்தது என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. உங்கள் ஆயுள் முழுக்க நீங்கள் காப்பாற்றி வைத்திருந்த ஒரே சாட்சியை, உங்களைக் கௌரவிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே ஒரு வாரத்தில் அழித்துவிட்டார்கள். திருடனாவது இரவில் வருவான். இவர்கள் மாலையோடு வந்தார்கள்.

அப்படியும் நான் உதைத்தேன். ஏன் என்று கேட்பீர்கள். பசித்த நூறு முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன என்று சொல்லலாம். அது பொய். அந்தப் பந்தயத்தின்போது நான் கைக்குழந்தை. உங்கள் வண்டியின் சத்தத்தை நான் என் வாழ்க்கையில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதுதான் காரணம். கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. இதற்காகவும் நான் அவர்களை மன்னிக்கப் போவதில்லை. அந்தச் சத்தத்தை நான் சந்தோஷமாகக் கேட்டிருக்க வேண்டும்.

கைதட்டல் ஓய்ந்து கூட்டம் சாப்பாட்டுக்கு நகர்ந்தபோது ஒருவர் மட்டும் நகரவில்லை. கைத்தடியை ஊன்றியபடி வண்டிக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டிருந்தார்.

"சீல் எல்லிப்பா? நான் போட்ட சீல் எங்கே?"

நஞ்சுண்டப்பா. அவரும் அன்று பேட்டா வைத்துக்கொண்டவர்களில் ஒருவர். இன்னும் கழற்றவில்லை. அந்தப் பேட்டாவோடு அவர் ஆல்பர்ட்டைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

"ஏன் ஆல்பர்ட், என்னைக் கேக்காம வெட்டிட்டியா?"

"சும்னே இரு நஞ்சுண்டா. பழைய கம்பி, துருப்பிடிச்சுக் கெடந்துது. அதுக்கென்ன இப்போ? பிரியாணி ஆறிப்போகுது, வா."

"நான் போட்டதை நான்தான் வெட்டணும். அதுதானே ரூல்? நீயே எழுதின புகாருக்குப் போட்ட சீல் அது."

ஆல்பர்ட் உள்ளே போனார். பிரியாணி சாப்பிட்டார். நான் பார்த்தேன். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்.

அவர் வேண்டுமென்றே செய்தாரா, உண்மையிலேயே மறந்துவிட்டாரா? அன்றிலிருந்து இதே கேள்வியோடுதான் தூங்கப் போகிறேன். வேண்டுமென்றே செய்திருந்தால் அவர் உங்களுக்குப் பயப்படுகிறார். மறந்திருந்தால், நீங்கள் ஆயுள் முழுக்கச் சுமந்ததை அவர் ஒரு வாரம்கூடச் சுமக்கவில்லை. எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் பாஷா வந்தார். வண்டியைப் பிரித்துச் சேர்த்த மெக்கானிக், நீலசந்திராவில் கடை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"சார், பழைய சாமான். கழட்டினதை எல்லாம் ஓனர் கையில குடுத்துரணும் சார், இல்லாட்டி மாத்தவே இல்லேன்னு பேச்சு வரும். எண்ணிப் பாத்துக்கோங்க."

எல்லா மெக்கானிக்கும் செய்கிற காரியம்தான். என் ஸ்கூட்டரின் தேய்ந்த பிரேக் கட்டைகளை எத்தனை முறை வாங்கிக் குப்பையில் போட்டிருக்கிறேன். அந்தப் பைக்குள் கை விட்டேன். அறுந்த கம்பி. நசுங்கிய ஈயம். அதற்கடியில், கரி பிடித்துக் கறுத்துப்போய், உங்கள் பிஸ்டன்.

நஞ்சுண்டப்பா அங்கிள் முதலில் ஈயத்தை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "என் சீல்தான். என் கொறடோட அச்சு." பிறகு பிஸ்டனைக் கையில் வாங்கினார். பிஸ்டனின் தலையில் அதன் அளவைப் பொறித்திருப்பார்கள். உங்கள் பிஸ்டனில் அந்த இடம் கரிக்கு அடியில் இருக்கிறது. நகத்தால் சுரண்டினால் போதும். அவர் கட்டைவிரல் அந்த இடத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

"பேடா," என்றார். கன்னடத்தில், வேண்டாம் என்று. "இப்படி வாசல்ல நின்னு பாக்கக் கூடாது. புகார் குடுத்தவன் நிக்கணும்."

அங்கேயே பையைக் கட்டினார். பூச்செண்டிலிருந்த கம்பியைப் பிரித்து முடிச்சுப் போட்டு, அதன்மேல் ஒரு காகிதத்தைச் சுற்றி ஒட்டிக் கையெழுத்திட்டார். பாஷாவிடமும் கையெழுத்து வாங்கினார். "இது பழைய சீல் மாதிரி ஆகாது. ஆனா இந்த என்ஜின்லேர்ந்து இதைக் கழட்டினவன் இருக்கான், சீல் போட்டவன் நான் இருக்கேன். எனக்கு இது போதும். கமிட்டியைக் கூப்பிடச் சொல்லு, வரேன்."

கமிட்டிக்கு நான் எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். கார்த்திக் போன் செய்தார். பாவம், நல்லவர்தான். நல்லவர்கள் செய்கிற சேதத்தைத்தான் சரிசெய்ய முடிவதில்லை.

"சார், கமிட்டில பேசினோமுங்க. போர்டுல அந்தக் காலி லைன்ல அப்பா பேர எழுதிடலாம்னு சொல்றாங்க. எதுக்குங்க அளக்கறது எல்லாம்? ஆல்பர்ட் சாரே ஓகே சொல்லிட்டாரு."

ஆல்பர்ட் சாரே ஓகே சொல்லிவிட்டார். அளக்காமல், பிரிக்காமல், போனால் போகட்டும் என்று. செத்தவன் பிள்ளை தொந்தரவு செய்கிறான், ஒரு வரி தங்க எழுத்துதானே, போட்டுக் கொடுத்து வாயை அடைக்கலாம் என்று. நீங்கள் பிச்சை கேட்டா அந்த வண்டியைத் தார்ப்பாய்க்குள் வைத்திருந்தீர்கள்? அளந்து சொல் என்றுதானே கேட்டீர்கள்? "வேண்டாம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அன்று கோபத்தில் நஞ்சுண்டப்பா அங்கிளையும் அம்மாவிடம் திட்டினேன். இப்போது வந்து கையெழுத்துப் போடுகிறாரே, இத்தனை வருஷம் எங்கே போயிருந்தார், ஒரு நாள் வந்து வெட்டி அளந்திருக்கக் கூடாதா என்று. அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"வந்தாரே."

"யாரு?"

"நஞ்சுண்டப்பாதான். நீ ஸ்கூலுக்குப் போயிருந்தே. கொறடு, அளக்குற சாமான் எல்லாம் எடுத்துக்கிட்டு வந்தாரு. உங்க அப்பா கேட்டைத் தொறக்கல."

"ஏன்?"

"தனியா வந்து தொறந்தா யாரு நம்புவா, ஆல்பர்ட்டையும் கூட்டிட்டு வான்னாரு. அந்த மனுஷன் ரொம்ப நேரம் வெயில்ல நின்னாரு. நான் மோர் குடுத்தேன், கேட்டுக்கு மேல நீட்டி. குடிச்சிட்டுப் போயிட்டாரு. ரெண்டு பேருக்கும் திமிரு. நடுவுல நான் அந்த இரும்பை வருஷம் முழுக்கச் சுத்திச் சுத்திப் பெருக்கினேன்."

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை, அப்பா? யாரும் வரவில்லை என்றுதானே என்னை வளர்த்தீர்கள்? வந்துவிட்டுப் போன ஒருவர்மேல் நான் எத்தனை வருஷம் கோபத்தைச் செலவழித்திருக்கிறேன். உங்கள் நியாயம் எனக்குப் புரிகிறது. நானாக இருந்தாலும் ஆல்பர்ட் இல்லாமல் திறந்திருக்க மாட்டேன். ஆனால் ஆல்பர்ட்டின் வீடு நம் தெருவிலிருந்து நடக்கிற தூரம். அவர் வரவில்லை, சரி. நீங்கள் போயிருக்கலாமே? இந்த ஒரு கேள்வியை உங்களிடம் உயிரோடு இருக்கும்போது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எழுந்து ஷெட்டுக்குப் போயிருப்பீர்கள்.

பை என் மேஜைமேல் இருக்கிறது. கல்லூரியில் தினமும் வெர்னியரைப் பிடிக்கிறவன் நான். சுரண்டிப் பார்க்க ஒரு நகம் போதும். நான் பார்க்கவில்லை. நீங்கள் சொன்ன முறைப்படிதான் திறக்க வேண்டும் என்பதற்காக என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பயம் என்றும் சொல்லலாம். அப்பா, அந்த என்ஜினைக் கடைசியாகப் பூட்டியவர் நீங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கு மட்டும் தெரியும். கம்பியை வெட்டாமல் வைத்திருந்தது நேர்மையால் என்றுதான் நான் நம்புகிறேன். வேறு காரணத்தாலும் ஒருவர் ஒரு கம்பியை வெட்டாமல் வைத்திருக்கலாம் என்று விருந்துக்குப் பிறகு ஒரு இரவு தோன்றியது. தோன்றியதற்காக உங்கள் படத்தைப் பார்க்க முடியாமல் படுத்திருந்தேன். அந்தச் சந்தேகத்தை எனக்குக் கொடுத்ததும் அவர்கள்தான். அன்றைக்கே அளந்திருந்தால் அரைமணி நேர வேலை.

எனவே முடிவு செய்துவிட்டேன். நீங்கள் காத்திருந்தீர்கள். நான் காத்திருக்கப் போவதில்லை. ஆல்பர்ட்டுக்கு எண்பது. நஞ்சுண்டப்பா அங்கிளுக்கு அதைவிட அதிகம். அடுத்த விருந்துக்குள் இவர்களில் யாருடைய படத்துக்குப் பேட்டா வைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆல்பர்ட் வீட்டுக்குப் போகிறேன். அங்கிளிடம் சொல்லிவிட்டேன், தன் அளவுக் கருவியைக் கொண்டுவருகிறார். பாஷா வருகிறார். கார்த்திக்கும் வரலாம், தடையில்லை. அம்மாவும் வருகிறாளாம், இந்த முறை மோர் எடுத்துவர மாட்டாளாம். கேட்டைத் திறந்தால் ஆல்பர்ட்டின் சாப்பாட்டு மேஜையில் அளப்போம். திறக்காவிட்டால் அவருடைய காம்பவுண்டு சுவர்மேல் வைத்து அளப்போம். சுரண்டுகிற சத்தம் அவருக்குக் கேட்கும்.

அளவு சரியாக இருந்தால், அந்தக் காலி வரியில் உங்கள் பெயரை ஒரு எழுத்தும் விடாமல் எழுதவைக்கிறேன். தயவாக அல்ல, தீர்ப்பாக. பெரிதாக இருந்தால், அதையும் இதே பக்கத்தில் உங்கள் பெயரோடு எழுதுவேன், ஷீல்டைத் திருப்பிக் கொடுப்பேன், பிறகு கல்லறைக்கு வந்து உங்களோடு சண்டை போடுவேன். அப்போதும் ஆல்பர்ட்டை மன்னிக்க மாட்டேன். அளக்காமல் விட்டது அவர்.

எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த வண்டியைத் தார்ப்பாய்க்குள் வைக்க மாட்டேன். அம்மா பெருக்கியது போதும்.

கேட்டைத் தட்டப் போகிற
உங்கள் ஒரே மகன்